தில்லைக்கு ஒரு நாற்றங்கால்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாக் நீரிணையின் கரையில் அமைந்திருக்கிறது அதிராம்பட்டினம். திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் வழிபட வேண்டிய தலம் என்று அன்பர்கள் போற்றும் அபய வரதீஸ்வரர் திருக்கோயில் இவ்வூரில்தான் உள்ளது. அசுரர்க்கு அஞ்சி வந்தவர்களுக்கு இறைவன் அடைக்கலம் தந்த இடம் என்பது தலவரலாறு. அம்பிகையின் திருநாமம் சுந்தரநாயகி. ஆதிரைப்பட்டினம் என்பதே நாளடைவில் அதிராம்பட்டினம் ஆயிற்று என்பார் ஒரு சாரார். அதிவீரராம பாண்டியனின் பெயரால் அமைந்த பட்டினம் என்பார் மற்றொரு சாரார். ஊருக்கு வெளியே உப்பளங்கள். அவற்றைக் கடந்தால் சேறும் கழியும் கடலும்.

ஆதிரை என்ற சொல்லைக் கேட்டவுடன் சிவனடியார் மனம் சிதம்பரத்துக்குச் சென்றுவிடும். மார்கழித் திருவாதிரையில் ஆடல்வல்லான் தேரேறி வரும் காட்சியும், அன்று நம் வீடுகளில் கிண்டும் களியும் நினைவுக்கு வரும். அந்தச் சிதம்பரத்துக்குத் தில்லை என்றொரு பழம்பெயர் உண்டு என்பதை அறியாதவர் இரார். தில்லைவாழ் அந்தணர், தில்லைக் காளி, தில்லைக் கூத்தன் என்று நாவில் ஊறிய பெயர் அது. ஆனால் ஊரின் பெயராவதற்கு முன் அது ஒரு மரத்தின் பெயர். அறுபது முறை சிதம்பர தரிசனம் செய்தவரிடம், தில்லை மரத்தின் இலை எப்படியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் தயங்குவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த ஊரில் தில்லைவனம் இல்லாமற்போய் நெடுங்காலம் ஆயிற்று.

வியாக்கிரபாத முனிவர் தில்லைக் காட்டினுள் சுயம்பு மூர்த்தியாகிய திருமூலநாதரைக் கண்டு பூசித்தார் என்பது கோயில் புராணம் கூறும் வரலாறு. வண்டு மொய்க்குமுன் மலர் பறிக்க வேண்டும் என்பதற்காகவும், வழுக்கும் மரங்களில் ஏறுவதற்காகவும் புலியின் காலும் கண்ணும் வேண்டிப் பெற்றார் அவர். அந்தக் காட்டின் நடுவில்தான் பதஞ்சலியும் அவரும் தைப்பூச நன்னாளில் ஆனந்த நடனம் கண்டனர். காடு சுருங்கி, வயலாகி, தெருவாகி, இன்று சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்துக் கழிகளில்தான் தில்லையைக் காண முடிகிறது.

தமிழகத்தில் தில்லை நிற்கும் இன்னொரு பெரிய கழிமுகக் காடு முத்துப்பேட்டைக் காடு. அதன் மேற்கு எல்லை அதிராம்பட்டினத்தை ஒட்டியே தொடங்குகிறது. பழஞ்சூர், தாமரங்கோட்டை, மரவக்காடு என்று காப்புக்காடுகளாகக் கிழக்கே நீண்டு, துறைக்காடு, முத்துப்பேட்டை வழியாகக் கோடியக்கரைப் பக்கம் செல்கிறது அது. ஆதிரை நாயகனின் தலத்துக்கு அருகிலேயே அவன் ஆடிய வனத்தின் மரம் நிற்கிறது என்பது தஞ்சை மாவட்டத்தார் பலரும் அறியாத செய்தி. அந்த மரத்தை விதையிலிருந்து வளர்த்தெடுப்பது எப்படி, அது ஏன் எளிதாக நடப்பதில்லை என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

மரத்தை முதலில் அறிந்துகொள்வோம். தில்லை பெரிய விருட்சம் அன்று. நல்ல இடம் கிடைத்தால் இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். உப்பு மிகுந்த இடத்தில் புதராகவே நின்றுவிடும். இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும். உதிரும் முன் அது செக்கச்சிவந்து போவதைக் காணலாம். கோடையில் கழியோரம் செம்மை படர்ந்து தெரிந்தால் அது பெரும்பாலும் தில்லைதான். அலையாத்தி மரத்துக்குச் சேற்றிலிருந்து நிமிர்ந்து மூச்சுவிடும் குச்சி வேர்கள் உண்டு. தில்லைக்கு அவை இல்லை. அதன் வேர்கள் தரைக்கு மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு, பாம்புகள் நெளிந்து கிடப்பது போலப் படர்கின்றன. ஆதிசேடனின் அவதாரமாகிய பதஞ்சலி தவமிருந்த காட்டுக்கு இப்படிப்பட்ட வேர் பொருத்தம்தான் என்று அந்த வேர்களைப் பார்க்கும் எந்த அடியவருக்கும் தோன்றும்.

கிளையை ஒடித்தால் வெண்மையான பால் வடியும். அது நஞ்சு. தோலில் பட்டால் கொப்புளம் எழும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். ஆங்கிலேயர் இதைக் குருடாக்கும் மரம் என்றே அழைத்தார்கள். நஞ்சுண்ட கண்டன் தன் ஆடலுக்கு நஞ்சு வடியும் மரங்களின் நிழலைத் தேர்ந்துகொண்டான் என்பதை எண்ணும்போது, நம் முன்னோர் இந்த மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்டதன் பொருள் இன்னும் ஆழமாகப் படுகிறது. கனி தரும் மாவும் பலாவும் நெல்லியும் தலவிருட்சமாவது நமக்கு எளிதில் புரிகிறது. உண்ணவும் உதவாத, தொடவும் அஞ்ச வேண்டிய ஒரு மரத்தை அந்த வரிசையில் வைப்பதற்குத் தனி மனம் வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலக அளவில் தில்லை அழிவின் விளிம்பில் நிற்கும் மரமன்று. வங்காளத்துச் சுந்தரவனத்திலும், மலாய் நாட்டுக் கரைகளிலும், ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் அது வளர்கிறது. ஆனால் தன் பெயரைத் தாங்கிய ஊரில் அது இல்லை. முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பகுதி அலையாத்தி ஒன்றே. தில்லை, நரிக்கண்டல், கழுதைமுள்ளி, திப்பரத்தை ஆகியவை எல்லாம் சேர்ந்தும் சிறுபான்மைதான். நமக்கு அரிது என்பதற்கு அளவுகோல் உலக வரைபடமா, நம் ஊர்க் கோயிலா என்று கேட்டால், இந்த இதழின் வாசகர்கள் எதைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சோறளித்த காடு

முத்துப்பேட்டைக் காட்டுக்கும் நம் திருத்தல யாத்திரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள் என்பதை அறிவோம். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் இன்றும் நிற்கின்றன. சாதி சமயம் பாராமல் சோறிட்டு, நோயுற்றவருக்கு மருந்திட்டு, கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலம் வரை இடமளித்த அறநிலையங்கள் அவை. அந்தச் சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில்தான் 1912 வரை இந்தக் கழிமுகக் காடு இருந்தது. இங்கு வெட்டிய விறகின் வருவாய் சத்திரங்களுக்குச் சென்றது. அரசு பொறுப்பேற்ற பின்னும் சில காலம் வருவாயில் ஒரு பங்கு சத்திரங்களுக்கே போயிற்று. 1937இல் காடு வனத்துறையிடம் வந்தது. காசி இராமேசுவரம் யாத்திரை சென்ற நம் கொள்ளுப்பாட்டிமார் உண்ட ஒரு கவளம் சோற்றுக்கு இந்த அலையாத்தியும் தில்லையும் விலை கொடுத்திருக்கின்றன.

திருவாதிரைக் களியின் கதையிலும் விறகு வருகிறது. விறகு வெட்டி விற்று, அடியார்க்கு அமுது படைத்த பின்னரே உண்ணும் நியமமுடைய சேந்தனார், மழையில் விறகு நனைந்து விற்காமற்போன நாளில் களி கிண்டிப் படைத்தார் என்பதுதானே அந்தக் கதை. ஓர் அடியார் தலைச்சுமையாக வெட்டிய விறகால் காடு அழியாது. பின்னால் வந்தது வேறு வகை வெட்டு. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை ஒன்றுவிடாமல் மழித்தெடுக்கும் கூப்பு முறை அது. ஒரு பகுதி வெட்டுப்பட்டால் பல ஆண்டுகளில் மீண்டும் முளைத்துவிடும் என்று கணக்கிட்டார்கள்.

கணக்குப் பொய்த்தது. நிழல் போனவுடன் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி, மண் அமிழ்ந்து, வெட்டிய இடம் நடுவில் தாழ்ந்த தட்டுப் போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றும்போது வெளியேற வழியின்றித் தங்கியது. கோடையில் அந்த நீர் காய்ந்து, உப்பு மட்டும் நின்றது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, கடல்நீரைக் காட்டிலும் உவர்ப்பான மண்ணாயிற்று. அதில் விழுந்த எந்த விதையும் முளைக்கவில்லை. காடு அழிந்ததற்கு ஊர்மக்களின் ஆடுமாடும் அரிவாளுமே காரணம் என்று பல காலம் சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் மண்ணின் குழிவும் நீரின் தேக்கமும் என்பதைக் கண்டறிய 1990களில் நடந்த ஆய்வுகள் வேண்டியிருந்தன.

அந்த ஆய்வுகளைச் செய்தது, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவர்கள் சென்னையில் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம். நெல்லுக்காகப் புகழ்பெற்றவர் கழிமுகக் காட்டுக்கும் இவ்வளவு செய்திருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிச்சாவரத்தில் முதலில் சோதித்து, பின் வனத்துறையும் கரையோரக் கிராமத்தாரும் சேர்ந்து முத்துப்பேட்டையில் செய்த வேலை இதுதான்: குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெருவாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறுவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள் போலத் தெரியும். ஓதம் வாய்க்கால் வழியாக ஏறி, அதே வழியாக இறங்கும். தேங்கிய உப்பு மெல்ல மெல்லக் கழுவப்படும். வாய்க்காலின் சரிவுகளில் அலையாத்தி விதைகளை ஊன்றினார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டவெளி பசுமையாயிற்று.

இது பெரிய வெற்றிதான். ஆனால் நட்டவற்றில் பெரும்பகுதி அலையாத்தி. அது முளைப்பதும் எளிது, கிடைப்பதும் எளிது. தில்லை ஏன் பின்தங்கிற்று என்பதற்கு விடை, அது நிற்க விரும்பும் இடத்தில் இருக்கிறது.

உவரும் நன்னீரும் கலக்கும் எல்லை

கழிமுகக் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. கடல்முகத்தில், நாள்தோறும் ஓதம் நனைக்கும் சேற்றில் அலையாத்தி நிற்கும். தில்லை நிலத்துப் பக்கம் ஒதுங்கி நிற்கும். ஓதம் எப்போதாவது எட்டிப் பார்க்கும் மேட்டில், மழைக்காலத்து ஆற்று நீர் வந்து உப்பைக் கரைக்கும் ஓரத்தில்தான் அதற்கு மகிழ்ச்சி. கோயிலில் கொடிமரத்தை ஒட்டி நிற்கும் நந்தியைப் போல, காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான வாசலில் நிற்பது அதன் இயல்பு.

அந்த வாசல்தான் நம் காலத்தில் மிகவும் சுருங்கியது. 1990களின் தொடக்கத்தில் தஞ்சை, நாகைக் கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றுக்கு உகந்த இடம், கடலுக்கு அருகிலும் வயலுக்கு அருகிலும் உள்ள அதே இடைநிலம். சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. தீர்ப்பு வந்தது, ஆனால் போன மண் முழுவதும் திரும்பவில்லை. மீதியிருந்த மேட்டை சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

மற்றொரு காரணம் நீர். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, நசுவினியாறு, பட்டுவனாச்சியாறு என்று காவிரியின் கடைசி விரல்கள் எல்லாம் இந்தக் கழியில்தான் முடிகின்றன. கடைமடை என்று நாம் சொல்வது வயலோடு முடிவதில்லை. அதற்கப்பாலும் காவிரிக்குக் கடமை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போதுதான் இப்போது இங்கு நன்னீர் தாராளமாக வருகிறது. மற்ற மாதங்களில் வரும் நீர் சொற்பம். காவிரி நீர் கடலில் கலந்தால் வீண் என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்கும்போதெல்லாம், தில்லை நிற்கும் அந்த வரப்பை ஒருமுறை காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. துலா மாதத்தில் காவிரியில் நீராடி, அது சமுத்திரராசனைச் சேர்வதைப் புண்ணியம் என்று கொண்ட மரபு நம்முடையது. கடலைச் சேராத காவிரிக்குச் சடங்கிலும் இடமில்லை, தாவரத்திலும் இடமில்லை.

விதையிலிருந்து

இனி நாற்றங்காலுக்கு வருவோம். சுரபுன்னை என்று பிச்சாவரத்தார் சொல்லும் மரத்தின் விதை, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, நேராகச் சேற்றில் குத்திட்டு விழும். அலையாத்தியின் விதையும் தோலுக்குள்ளேயே முளைவிட்ட நிலையில்தான் உதிரும். இவற்றை நடுவதற்குப் பெரிய பக்குவம் தேவையில்லை. தில்லை அப்படிப்பட்டதன்று. அதன் காய் சுண்டைக்காயைவிடப் பெரிதிராது. மூன்று பிளவாக, ஆமணக்குக் காயின் சிறு வடிவம் போலிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒரு காய்க்கு மூன்று விதை. முற்றி உலர்ந்தவுடன் காய் படீரென்று வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். அவை மிதந்து ஓதத்தோடு போய்விடும். எனவே வெடிக்கும் முன் பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்தால் விதை முதிர்ந்திராது. காய் பழுப்பேறத் தொடங்கும் அந்தச் சில நாள்களே உரிய காலம்.

பறித்த காய்களைச் சாக்கில் கட்டி வைக்கக் கூடாது. அகலமான தட்டில் நிழலில் பரப்பி, மேலே மெல்லிய துணி போர்த்தி வைப்பார்கள். ஓரிரு நாளில் துணிக்கடியில் பொரி பொரிவது போலச் சத்தம் கேட்கும். சிதறிய விதைகளைத் திரட்டி, பூச்சி துளைத்தவற்றையும் சூம்பியவற்றையும் நீக்கி, தாமதமின்றி விதைப்பதே நன்று. பழைய நெல்லை மூட்டையில் வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைப்பது போல இதைச் செய்ய முடியாது.

விதைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கழிமுகத்து மரம் என்பதால் கழிநீரையே ஊற்றுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் தில்லை விதை நன்னீரில், அல்லது மிக மெல்லிய உவரில்தான் நன்றாக முளைக்கிறது. வளர்ந்த மரம் உப்பைத் தாங்கும், பிறக்கும்போது தாங்காது. ஆற்று மணலும் கழிச்சேறும் கலந்த பைகளில் விதையை மேலாக ஊன்றி, நல்ல தண்ணீர் தெளித்து, கீற்றுக் கொட்டகையின் நிழலில் வைக்க வேண்டும். நாற்று நாலைந்து இலை விட்ட பின், தெளிக்கும் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கழிநீரைக் கலந்து உப்பைப் பழக்குவார்கள். குழந்தைக்கு முதலில் பால், பிறகு பருப்புஞ்சாதம், பிறகுதான் காரம் என்று பழக்கும் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயற்கையிலும் இதுவே நடக்கிறது: அடைமழையில் உவர் குறைந்திருக்கும் காலத்தில்தான் விதைகள் கரையோரம் ஒதுங்கி முளைக்கின்றன. ஆற்றில் நன்னீர் வராத ஆண்டில் வளர்ந்த மரம் பிழைத்துக்கொள்ளும். அதன் பிள்ளைகள் பிழைக்கா. காடு பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் வாரிசு இராது.

விதைக்கு ஏன் இத்தனை சிரமப்பட வேண்டும், தில்லைதான் வெட்டிய அடியிலிருந்தே துளிர்க்குமே, கிளையை நட்டோ பதியன் போட்டோ வளர்க்கலாகாதா என்று கேட்கலாம். வளர்க்கலாம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் மஞ்சள் நிறத்தில் நீண்ட பூங்கொத்துகள் தொங்கும், தேனீ மொய்க்கும். பெண் மரத்தின் பூ சிறியது, பச்சையானது, கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஒரு கிளையை வெட்டி நட்டால் அது தாய்மரத்தின் பாலையே கொண்டிருக்கும். ஆண் மரத்திலிருந்து நூறு கிளைகளை நட்டால் நூறும் ஆண். அந்தக் காட்டில் ஒரு காய்கூடக் காய்க்காது. தலவிருட்சம் என்று ஒற்றைத் தில்லையை நந்தவனத்தில் நட்டு வேலியிட்டுப் பாதுகாத்தாலும், அது தன் ஆயுளோடு முடிந்துவிடும். விதையிலிருந்து வரும் நாற்றுகளில் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும். எது எது என்பது பூக்கும்வரை எவருக்கும் தெரியாது. ஆகையால் பத்து இருபதாகக் கூட்டமாக நட்டுப் பொறுத்திருக்க வேண்டும். சிவமும் சக்தியும் பிரிந்து நின்று ஒன்றை நோக்கி ஒன்று பூக்கும் மரம் இது. சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் தனியே ஆடவில்லை, சிவகாமவல்லி அருகில் நின்று காண ஆடுகிறார் என்பதை இங்கே நினைவுகூர்வது மிகையாகாது.

நாற்றங்காலில் வேலை செய்வோர் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பால் கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும், கைவைத்தியம் கூடாது. வீட்டுத் தோட்டத்திலும், குழந்தைகள் விளையாடும் பள்ளி வளாகத்திலும் தில்லையை வைக்க வேண்டா. பக்தியின் பெயரால் தொட்டிச் செடியாக வாங்கி வைப்பதும் தகாது. நஞ்சுடைய பாலால் ஒரு நன்மையும் உண்டு: அலையாத்தி இலையை விரும்பித் தின்னும் ஆடுமாடுகள் தில்லையில் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை.

காடு என்ன செய்கிறது என்பதை இக்கரையார் இருமுறை கண்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டக் கரையில், அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த குடியிருப்புகள் வெட்டவெளியில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதமடைந்தன என்று மறு ஆண்டு சயன்ஸ் என்னும் அறிவியல் இதழில் ஆய்வு வெளிவந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி இவ்வழியாகச் சென்றபோது, பட்டுக்கோட்டை வட்டாரத்தின் தென்னந்தோப்புகள் எல்லாம் சாய்ந்ததை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. முத்துப்பேட்டைக் காடும் அன்று கடுமையாக அடிபட்டது. இலையுதிர்ந்து, கிளை முறிந்து, பல இடங்களில் பட்டுப்போயிற்று. அதன் பின் மீண்டும் வாய்க்கால் வெட்டும் நடவும் தொடங்கின. ஒருவகை மரமே நிறைந்த காடு ஒரே அடியில் வீழும். பலவகை மரங்கள் கலந்து நின்றால் சில தப்பும். தில்லையும் திப்பரத்தையும் வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வதற்குப் பக்தி காரணமன்று, இந்தக் கணக்கே காரணம். எண்ணிக்கைக்காக அலையாத்தியை மட்டும் லட்சக்கணக்கில் நட்டுப் பலகை வைப்பதை என்னால் முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை. நட்டது எத்தனை என்று எழுதும் பலகையில், மூன்றாண்டு கழித்து நிற்பது எத்தனை என்றும் எழுத வேண்டும்.

கோயிலைச் சார்ந்த குடும்பங்களுக்கு இதில் என்ன வேலை? காப்புக்காட்டுக்குள் நாமாகச் சென்று நட இயலாது, கூடாது. அதை வனத்துறையும் கிராம மன்றங்களுமே செய்கின்றன. ஆனால் கடைமடையில் கோயில் நிலங்களும் குளங்களும் உண்டு. ஆற்றின் வடிகால் வாய்க்கால்களைத் தூர்வாரி, மழைக்காலத்து நன்னீர் கழிவரை செல்ல விடுவது ஊரார் கையில் இருக்கிறது. கழியோரக் கோயில் மேட்டில் சீமைக்கருவேலத்தை அகற்றும்போது, வேலி போலத் தானே முளைத்த தில்லைக் கன்றுகளையும் சேர்த்து இயந்திரத்தால் வழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். சிவந்து உதிரும் இலையையும் ஒடித்தால் வரும் பாலையும் கொண்டு அடையாளம் காணலாம். ஒடிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை மேலே சொன்னேன். சிதம்பரம் செல்பவர்கள் ஒரு பிற்பகலைப் பிச்சாவரத்துக்கு ஒதுக்கினால், பெயரனுக்கும் பெயர்த்திக்கும் தில்லையைக் காட்டலாம். தஞ்சைப் பக்கத்தார் முத்துப்பேட்டையை அடுத்த சாம்பவானோடையிலிருந்து படகில் கோரையாற்று வழியே காட்டுக்குள் செல்லலாம். வனத்துறையின் அனுமதி வேண்டும். முதியவர்கள் காலையில் வெயில் ஏறுமுன் செல்வது நலம். உட்காரவும் இறங்கவும் துணைக்கு ஆள் வேண்டும். படகோட்டிகள் அலையாத்தியைத்தான் காட்டுவார்கள். தில்லை எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஓராண்டு நாற்றங்காலில் வளர்ந்த தில்லைக் கன்றை நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி மழை நன்கு இறங்கிய பின். அப்போது கழியோர மேட்டில் உவர் தணிந்திருக்கும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதங்களும் ஆற்று நீரும் மழையும் துணை நிற்கும். திருவாதிரையன்று அபய வரதீஸ்வரர் சந்நிதியில் தீபாராதனை நடக்கும் வேளையில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டில் அந்தக் கன்று புது வேர் விட்டுக்கொண்டிருக்கும். தை பிறந்தால் மழை நின்றுவிடும். வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணையின் பாசன மதகும் மூடப்படும். மாசி முதல் மண்ணில் உப்பு ஏறத் தொடங்கும். அதற்குள் வேர் பிடித்த கன்றுகளே அடுத்த மழையைக் காணும்.